வசந்தி பார்த்த வீடுகள்

மகனே, நீ மைசூரிலிருந்து அனுப்பிய பட்டியல் வந்து ஒன்பது நாளாகிறது. அலிப்பூர், பாலிகஞ்ச், சால்ட் லேக், ராஜர்ஹாட் என்று இந்த ஊரின் நான்கு பேட்டைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நல்லது, கெட்டது என்று இரண்டு கட்டம் போட்டிருந்தாய். நானும் அம்மாவும் போய்ப் பார்த்து நிரப்பிவைக்க வேண்டும், பயிற்சி முடிந்து வந்ததும் நீ வங்கிக் கடனுக்கு எழுதிப் போடுவாய், இனியும் இந்தப் பவானிபூர் இரண்டு அறைக்குள் நாங்கள் கிடக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். இருபத்தொரு வயதில், முதல் வேலை கிடைத்த கையோடு அப்பா அம்மாவை நல்ல இடத்தில் குடிவைக்க நினைக்கிற பிள்ளைக்கு உடனே பதில் போட்டிருக்க வேண்டும். தினமும் காலையில் அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தாளைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவாள். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அலிப்பூரில் மரங்கள் அதிகம், மதில்கள் அதைவிட அதிகம். கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் இருக்கிற பக்கம் பகலெல்லாம் இரைச்சல்தான். அதைத் தாண்டி உள்தெருவுக்குத் திரும்பினால் காக்கை கத்துவது மட்டும் கேட்கும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்கும். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமலே ஓர் ஆயுளை அங்கே ஓட்டிவிடலாம். பாலிகஞ்சில் சிவப்புத் தரையும் பச்சை ஜன்னல் கதவுகளுமாகப் பெரிய பழைய வீடுகள். சுவர் கனம் அதிகம் என்பதால் வெயில் காலத்திலும் உள்ளே குளிர்ச்சி. அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கின்றன. சால்ட் லேக்கில் தெருப்பெயர்களுக்குப் பதிலாக எழுத்துகளும் எண்களும். எல்லா வீடும் ஒரே உயரம், எல்லா ரவுண்டானாவும் ஒரே வட்டம். உன் அலுவலகத்துக்குப் பக்கம். ஆனால் மத்தியானத்தில் வழி தவறினால் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைக்காது. ராஜர்ஹாட்டை நான் பார்க்கவில்லை. அங்கே எல்லாமே புதுசு, யாரும் இன்னும் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை என்று என்னுடன் வேலை பார்த்தவர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன விவசாயிகள் வேறு மாதிரி சொல்வார்கள்.

லேக் மார்க்கெட் பக்கத்தை நீ ஏன் எழுதவில்லை என்று யோசித்தேன். கறிவேப்பிலை, காபித்தூள், கோவில், தமிழ்க் குரல் எல்லாம் இருக்கிற இடம். நம்மவர்கள் மாற்றலாகி வந்தால் முதலில் அங்கேதான் வீடு தேடுவார்கள். முன்பு ஒரு தடவை நானும் அங்கே பார்க்கலாம் என்று சொன்னேன். உன் அம்மா வேண்டாம் என்றாள். "அங்க எல்லாருக்கும் நம்மளத் தெரியும்" என்றாள். அதை வசதிக்குறைவாக அவள் சொல்வது எனக்கு அன்று விசித்திரமாக இருந்தது.

இந்த இடங்களையெல்லாம் நான் புதிதாகப் போய்ப் பார்த்து எழுதவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, ஒரு கோடைக்குள் பார்த்தவை இவை. ஏன் பார்த்தோம், ஏன் எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டோம் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு ஓர் அக்கா இருந்தாள். பெயர் வசந்தி. அந்தக் கோடைக்கு முந்தின பூஜை விடுமுறை முடிந்த வாரம் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நர்சிங் ஹோமில் இறந்துபோனாள். ஆறு வயது. அந்தப் பெயரை நான் எழுதி எத்தனை வருடமாயிற்று என்று கணக்குப் போட்டால் கை நின்றுவிடும், அதனால் மேலே எழுதுகிறேன்.

இதை நீ அறியாமல் வளர்ந்ததற்கு நான் மட்டுமே காரணம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் போன மறுநாள், அவளுடைய சட்டைகளையும் புத்தகங்களையும் ஓர் அனாதை இல்லத்தில் கொடுத்துவிட்டேன். படங்களை ஓர் உறையில் போட்டு பாங்கில் என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். உன் அம்மாவிடம், இனி இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்றேன். சின்னவன் ஒருவன் இருக்கிறான், அவன் அழுகைச் சத்தத்துக்கு நடுவில் வளரக்கூடாது என்றேன். இதே கட்டடத்தில் எதிர்வீட்டு மித்ரா பௌதியிடமும் கேட்டுக்கொண்டேன். நம் எல்லோருக்கும் அண்ணி மாதிரி இருந்து உன்னைத் தூக்கி வளர்த்த பௌதி அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறார். உன் அம்மா தலையாட்டினாள். அழுதுகூட நான் பார்க்கவில்லை. நான் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பிப்ரவரியில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதிகாரிகளுக்குப் பாங்கே வீடு எடுத்துக் கொடுக்கும். நல்ல இடமாகப் பார்த்து இந்த வீட்டை விட்டுப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தாஸ் பாபு என்று ஒரு தரகர், காலியாக இருந்த வீடுகளின் விலாசங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தார். எந்த நாளும் வந்து பார்க்கலாம், காவல்காரரிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். அந்தத் தாள் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகப் பார்ப்பது என்று ஏற்பாடு.

முதலில் அலிப்பூர். காலை பத்து மணி இருக்கும். உன்னை நான் தூக்கிக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்த தர்வான், பீகார்க்காரர், நடுவயது, உன் அம்மாவைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி கும்பிட்டார். என்னையும் உன்னையும் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பாப்பா வரவில்லையா என்று இந்தியில் கேட்டார். யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நான் சிரித்தேன். உன் அம்மா உள்ளே போனாள். கூடத்தைத் தாண்டி இடதுபக்கம் திரும்பி, வெளியிலிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாத ஒரு சின்ன அறைக்கு நேராகப் போனாள். அங்கே ஜன்னல் கதவு இறுகிக் கிடந்தது. தாழ்ப்பாளைப் பாதி மேலே தூக்கி, முழங்கையால் ஓர் இடி இடித்துத் திறந்தாள். அப்படித்தான் அது திறக்கும் என்று தர்வான் பின்னாலிருந்து சொன்னார்.

அடுத்த ஞாயிறு பாலிகஞ்ச். இரண்டு மாடி வீடு. மேல்மாடியை வாடகைக்கு விடுவதற்காகக் காலியாக வைத்துக்கொண்டு கீழே தனியாக இருந்த அம்மாளை எல்லோரும் மாஷிமா என்று கூப்பிட்டார்கள், சித்தி பெரியம்மா என்கிற மாதிரி. வெளுத்த புடவை, தடித்த கண்ணாடி, ஆனால் நல்ல தெளிவு. கதவைத் திறந்தவர் உன் அம்மாவின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு வங்காள மொழியில் கேட்டார், "பாஷொந்தி எங்கே?"

நம் வசந்தியை வங்காளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். ஐந்து மாதமாக நான் கேட்காத பெயர், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில், அவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்தது. உன்னை நழுவவிடாமல் இருக்க நான் சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டியிருந்தது. மாஷிமா அதைக் கவனிக்கவில்லை. நல்ல பிள்ளை, சத்தமே கிடையாது, ஆனால் மாடிப்படியை எண்ணிக்கொண்டுதான் ஏறும் என்று என்னிடம் சொன்னார். வசந்தி எந்தப் படியாக இருந்தாலும் எண்ணாமல் ஏறமாட்டாள்.

திரும்பும்போது டிராமில் உன் அம்மாவிடம் கேட்டேன், நீ முன்னாலேயே இங்கே வந்தாயா என்று. "நான் எங்க வந்தேன்? அவங்களுக்கு வயசாச்சு" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டிராமில் கூட்டம் இருந்தது, ஆனால் அவள் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், வீட்டில் சொல்லாமல், பட்டியலில் மூன்றாவதாக இருந்த சால்ட் லேக் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சித்திரை வெயில். ஒரே மாதிரித் தெருக்களில் ஒரு மனிதரைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓர் இளம் பெண். யாரெல்லாம் வந்து பார்த்தார்கள் என்று பொதுவாகக் கேட்டேன். வியாழக்கிழமை ஒரு மதராஸி பௌதி தன் மகளோடு வந்தார் என்றாள். வெயிலில் நடந்து வந்திருந்ததால் பாப்பாவுக்குத் தண்ணீரும் ஒரு பத்தாஸா சர்க்கரை மிட்டாயும் கொடுத்தாளாம். டம்ளரை அம்மாதான் வாங்கிக் கீழே குனிந்து கொடுத்தாராம். காலி டம்ளர் திரும்பி வந்ததாம்.

"குழந்தை குடித்ததை நீ பார்த்தாயா?" என்று கேட்டேன்.

என்ன கேள்வி இது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால்தானே நின்றது என்றாள். என்ன கலர் சட்டை என்று கேட்டேன். யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. முகம் எப்படி என்று கேட்டேன். அதுவும் சரியாகச் சொல்லவில்லை. பிறகு தானாகவே சிரித்து, முன்பல் இரண்டும் இல்லை, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்றாள். காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் வசந்திக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. உன் அம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாள், கேட்டதைப் பார்த்ததாக இந்தப் பெண் நினைத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வியாழன் மத்தியானம் பாங்கிலிருந்து கிளம்பி வந்தேன். வீடு பூட்டியிருந்தது. நீ மித்ரா பௌதியின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். செவ்வாயும் வியாழனும் உன்னை அங்கே விட்டுவிட்டு அம்மா கடைக்குப் போவது வழக்கம் என்று பௌதி சொன்னார். பட்டியலில் நான்காவது, நியூ அலிப்பூர். உடனே அங்கே போனேன். எதிர்ச்சாரியில் பூட்டிய கடை ஒன்றின் நிழலில் நின்றேன். சிறிது நேரத்தில் அந்த வீட்டு வாசலில் உன் அம்மா வந்தாள். காவல்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

தனியாகத்தான் வந்தாள். இதை நான் உனக்குத் தெளிவாக எழுத வேண்டும். அவளோடு யாரும் இல்லை. ஆனால் அவளுடைய வலது கை உடம்பை விட்டுச் சற்று விலகி, கீழ்நோக்கி, விரல்கள் பாதி மூடியபடி இருந்தது. ஒரு சின்னக் கையைப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. வேகமாக நடக்கிறவள் அவள், உனக்கே தெரியும். அன்று குறுகிய அடி வைத்து நடந்தாள். தெருக்குழாய்த் தண்ணீர் வழிந்து நடைபாதையில் தேங்கியிருந்த இடத்தில் நின்று, அந்தக் கையை மட்டும் மேலே தூக்கி, ஒரு குழந்தையைத் தாண்டவைக்கிற மாதிரி அந்தப் பக்கம் இறக்கினாள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். ஒருவருக்கு விட வேண்டிய இடத்தை விட அதிகம் விட்டார். இரண்டு பேருக்கான இடம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பின்னாலேயே போனேன். மினிபஸ் வந்தது. அவள் ஏறினாள், நான் பின்வாசலில் தொற்றிக்கொண்டேன். நம் நிறுத்தத்தில் அவள் இறங்கும்போது கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ், கோலே பாச்சா" என்று கத்தினார். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள், இடுப்பில் குழந்தை இருக்கிறது என்று. குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஊர்க் கண்டக்டர்கள் அப்படித்தான் கத்துவார்கள், நீயும் ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். அன்று அவர் கத்தியதும், அவள் திரும்பி அவரைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஐந்து மாதத்தில் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் போனதும் கேட்டேன். இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இந்த வீட்ல அவ பேரைச் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க. நான் சொல்லல. வெளியில போய்ச் சொன்னேன். அவ செத்துப்போனது தெரியாதவங்க வீடா பாத்துப் போனேன். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, பேரு வசந்தி, அவளுக்கு எந்த ரூம் நல்லாருக்கும்னு கேட்டேன். அவங்க யாரும் இல்லைன்னு சொல்லல."

அந்த இடத்தில் நான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் பயந்தேன். பயத்தைக் கோபமாகக் காட்டினேன். தரகரின் தாளைக் கிழித்தேன், வீடு வேண்டாம் என்று பாங்கில் எழுதிக் கொடுத்தேன். அவளை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மாத்திரை கொடுத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் உன் அம்மா மத்தியானங்களில் தூங்கினாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை. குணமாகிவிட்டது என்று நான் ஊருக்கு எழுதினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன் அம்மாவிடமும் நான் சொன்னதில்லை. அந்த மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், கரியாஹாட் மார்க்கெட்டில் பாலிகஞ்ச் மாஷிமாவைப் பார்த்தேன். காய்ப்பையோடு ரிக்ஷாவுக்காக நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வேண்டாம் என்று சொன்னதில் அவருக்கு வருத்தம் இல்லை. வேறொன்றைச் சொல்லத்தான் என்னைப் பார்க்க வேண்டும் என்றிருந்தாராம். "இப்போதெல்லாம் பாஷொந்தி தனியாக வருகிறாள்" என்றார். "மத்தியானம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும். பதினாறு படி வரை போய் நின்றுவிடும். நான் வந்து பார்ப்பதற்குள் போய்விடுகிறாள். இவ்வளவு தூரம் சின்னப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்."

பெரிய வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர், மரப்படிகள் வெயிலில் விரிந்து கிறீச்சிடும் சத்தம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். அந்தப் படியில் போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி மாஷிமா, இனிமேல் அனுப்பமாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். என் வாழ்க்கையில் செய்த தவறுகளை வரிசைப்படுத்தச் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் வைப்பேன். என் மகளை இரண்டாம் முறை நானே வெளியே அனுப்பினேன்.

இதை ஏன் இப்போது உனக்கு எழுதுகிறேன் என்றால், நீ வீடு பார்க்கிறாய். நாளைக்குக் குடும்பம் வரும், குழந்தை வரும். தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும், மெட்ரோ எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் கேட்டுக்கொள், கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்குள் குடியிருக்கப் போகிறவர்கள் வாயைத் திறந்து தங்கள் துக்கத்தைச் சொல்ல முடியாது என்றால், அது எந்தப் பேட்டையில் இருந்தாலும் ஒன்றுதான். வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது பேசாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. பேசாமல் இருப்பார்கள். பிறகு நீ தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மாஷிமா சொன்ன இடம் வந்தபோது மட்டும் அவள் கை நின்றது, பிறகு மறுபடி உரித்தாள். முடித்ததும் உரித்த தோல்களை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அப்புறம், "ஆறு இல்ல, ஏழு நடந்துக்கிட்டிருந்தது" என்றாள். திருத்தி எழுதட்டுமா என்றேன். வேண்டாம், அவன் வந்ததும் நானே சொல்கிறேன் என்றாள்.

பிறகு, எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் கேட்டேன். அத்தனை வீடு பார்த்தீர்களே, வசந்திக்கு எது பிடித்தது?

உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பெயரை என் வாயிலிருந்து கேட்டு இத்தனை வருடமாகிவிட்டது என்பதற்காகப் பார்த்தாளா, கேள்விக்காகப் பார்த்தாளா, தெரியாது. "எதுவும் பிடிக்கல" என்றாள். "ஒவ்வொரு வீட்லயும் எல்லா ரூமையும் பாப்பா. வாசலுக்கு வந்ததும், வீட்டுக்குப் போலாம்மான்னு கையைப் பிடிச்சு இழுப்பா. நான்தான் இன்னும் ஒண்ணு பாக்கலாம்னு கூட்டிட்டுப் போவேன்."

உன் கட்டங்களை நான் நிரப்பவில்லை. நான்கு இடமும் நல்ல இடம்தான், உனக்குத் தோதானதைப் பார். வெளிச்சமும் காற்றும் இருந்தால் போதும். அறை எத்தனை வேண்டும் என்று கேட்டிருந்தாய். உனக்கு ஒன்று போக, எங்கள் பக்கம் மூன்று பேர் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். இந்தத் தடவை நான் அதைத் திருத்தவில்லை.

உன்
அப்பா